பெட்டியை வரைந்தவரும் பெட்டியை நகலெடுத்தவரும்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கடைக்குப் போகும், பாத்திரம் தேய்க்கும் பிரில்லோ நாரின் பெட்டியை யாரோ ஒருவர் டிசைன் செய்தார். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் அதை அச்சு அசலாக நகலெடுத்து கேலரியில் வைத்தார். வரைந்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது, நகலெடுத்தவரின் பெட்டி கோடிக்கணக்கில் ஏலம் போகிறது. இது பட்டப்பகல் கொள்ளை இல்லையா, டிசைன் படிக்கிற நான் இதை எப்படி எடுத்துக்கொள்வது? இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வார்ஹோல் செய்தது திருட்டா என்பது ஒன்று. விளம்பரத்துக்காக வரைகிற படம் இரண்டாம்தரமானது, அதனால்தான் வரைந்தவரை யாரும் கண்டுகொள்வதில்லையோ என்பது மற்றொன்று. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். பல வருஷமாக பேக்கேஜிங் டிசைன் செய்து பிழைப்பவன் நான். கலை வரலாற்றாளனும் இல்லை, வழக்கறிஞனும் இல்லை. அந்த வரம்புக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில், பெயர் தெரியாத அந்த ஆளுக்குப் பெயர் உண்டு. ஜேம்ஸ் ஹார்வி. 1929ல் பிறந்தவர், ஓவியம் படித்தவர், நியூயார்க் கேலரிகளில் கண்காட்சி வைத்த அரூப ஓவியர். வாடகையும் சாப்பாடும் ஓவியத்தில் வராததால் ஒரு டிசைன் நிறுவனத்தில் வேலை பார்த்தார். பிரில்லோ என்பது பாத்திரம் தேய்க்கிற, சோப்பு ஏற்றிய ஸ்டீல் நார். அதன் பெட்டியை 1960களின் தொடக்கத்தில் அந்த வேலையில் இருந்தபோது வரைந்தார். வார்ஹோல் வந்த வழி நேர் எதிர். 1949ல் நியூயார்க்குக்கு வந்து பத்து வருஷத்துக்கும் மேலாகப் பத்திரிகைகளுக்கும் கடைகளுக்கும் படம் வரைந்தவர். செருப்பு விளம்பரங்களுக்கு அவர் வரைந்த மை ஒற்றிய கோட்டோவியங்கள் தொழில் வட்டாரத்தில் பரிசுகள் வாங்கியவை. ஆக, இந்தக் கதையில் ‘டிசைனர்’ என்று நாம் அழைப்பவர் தன்னை ஓவியராக நினைத்தவர், ‘கலைஞர்’ என்று அழைப்பவர் விளம்பரத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். பெரிய கலைஞன் ஒருவன் அப்பாவி டிசைனர் ஒருவரைச் சுரண்டினான் என்ற சித்திரம் இந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

இப்போது பெட்டியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். நம் தொழிலில் இருப்பவர்கள் இதைச் செய்யாமலேயே வார்ஹோலைப் பற்றி வாதாடுவதுதான் எனக்கு எப்போதும் எரிச்சல். இது வாடிக்கையாளர் கையில் எடுக்கும் சின்னப் பெட்டி இல்லை, 24 பாக்கெட்டுகளை உள்ளே அடுக்கி லாரியில் ஏற்றுகிற வெளி அட்டைப்பெட்டி. கிழித்துத் தூக்கிப் போடப்போகிற பொருள். அதற்குப் போய் ஹார்வி எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் பாருங்கள். இரண்டே மை, சிவப்பும் நீலமும். மூன்றாவது நிறம் வெள்ளைப் பரப்பு. மேலும் கீழும் சிவப்பு, நடுவில் வெள்ளை அலையாக வளைந்து பெட்டியைச் சுற்றிவருகிறது. பிரில்லோ என்ற ஆங்கிலப் பெயரில் மெய்யெழுத்துகள் நீலம், உயிரெழுத்துகளான ஐயும் ஓவும் சிவப்பு. ஒரே சொல்லுக்குள் இரண்டு நிறம் போட்டுவிட்டு அது பிரிந்து போகாமல் நிற்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எழுத்தின் தடிமனும் இடைவெளியும் கொஞ்சம் பிசகினாலும் ஐயும் ஓவும் தனியாகத் துள்ளிக்கொண்டு வந்துவிடும். இங்கே துள்ளவில்லை. அட்டைப்பெட்டியில் அச்சடிப்பவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். அந்த அட்டை சொரசொரப்பானது, மெல்லிய கோடு போட்டால் மை பரவி அடைத்துக்கொள்ளும், இரண்டு நிறத்தை ஒட்டி வைத்தால் அச்சு விலகல் பல்லிளிக்கும். அதனால் இந்த மாதிரிப் பெட்டிக்குத் தடித்த எழுத்தும், பெரிய பரப்பும், நிறங்களுக்கு நடுவே மூச்சுவிட இடமும் வேண்டும். ஹார்வியின் டிசைனில் மூன்றும் இருக்கின்றன. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் அமெரிக்கர்கள் எந்தக் கொடியில் பார்த்துப் பழகியவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்ப்பதைத் தேசபக்தியாக்கிவிட்டார் மனிதர்!

வார்ஹோல் செய்தது என்ன? 1964 ஏப்ரலில் நியூயார்க்கின் ஸ்டேபிள் கேலரியில் அந்தக் கண்காட்சி நடந்தது. தச்சரிடம் ஒட்டுப்பலகைப் பெட்டிகள் செய்து வாங்கி, பெயின்ட் அடித்து, உதவியாளர்களோடு சேர்ந்து திரை அச்சில் (ஸ்கிரீன் பிரின்ட்) ஒவ்வொரு பக்கத்தையும் அச்சிட்டார்கள். கிடங்கு மாதிரி அடுக்கி வைத்ததில் பார்க்க வந்தவர்கள் இடுக்கு வழியாக நடக்க வேண்டியிருந்தது. ஆகவே ‘அச்சு அசலாக’ என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரியில்லை. அது மரம், அட்டை இல்லை. திறக்க முடியாது, உள்ளே ஒன்றுமில்லை. எதையும் விற்கிற வேலை அதற்கு இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அதே பெட்டி. ஆனால் பெட்டி செய்யவேண்டிய வேலை ஒன்றைக்கூடச் செய்யாத பெட்டி. கேலரிக்குப் போய் அந்தக் கண்காட்சியைப் பார்த்த தத்துவப் பேராசிரியர் ஆர்தர் டான்டோ, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத இரண்டில் ஒன்று கலையாகவும் மற்றொன்று சரக்காகவும் இருப்பது எப்படி என்று அதே வருஷம் கட்டுரை எழுதினார். அவருடைய பதிலைச் சுருக்கினால், வித்தியாசம் பொருளில் இல்லை, அதைச் சுற்றியுள்ள கலை உலகம், அதன் வரலாறு, அதன் கோட்பாடு ஆகியவற்றில் இருக்கிறது.

அதிகாரிகளுக்கு இந்த விளக்கமெல்லாம் எடுபடவில்லை என்பது தனிக் கதை. 1965ல் டொராண்டோ கேலரிக்காரர் ஒருவர் இந்தப் பெட்டிகளைக் கண்காட்சிக்கு வரவழைக்கப் பார்த்தார். சிற்பமென்றால் சுங்கவரி கிடையாது. கனடா சுங்கத்துறை, இவை சிற்பம் இல்லை, வணிகச் சரக்கு, 20 சதவீதம் கட்டு என்றது. கனடாவின் தேசியக் கலைக்கூட இயக்குநரும் சுங்கத்துறை பக்கமே நின்றார். சிரிப்பாக இருந்தாலும் சுங்கக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெட்டியை அதன் முகத்தை வைத்து மதிப்பிட்டார்கள். அந்த முகம் பெட்டியின் வேலையைச் செய்வதற்காகவே ஒரு தேர்ந்த கை வரைந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் வருகிறது. அந்தக் கண்காட்சியில் பிரில்லோ மட்டும் இல்லை. கெல்லாக்ஸ் கார்ன்ஃப்ளேக்ஸ், ஹெயின்ஸ் தக்காளி கெச்சப், டெல் மோன்டே பீச் பழம், மாட்ஸ் ஆப்பிள் சாறு, கேம்பல் தக்காளிச் சாறு என்று வேறு பெட்டிகளும் இருந்தன. அதே மரம், அதே திரை அச்சு, அதே ‘கருத்து’. நகலெடுத்த யோசனை மட்டுமே முக்கியம் என்றால் இவை எல்லாமே சமமாகப் பேசப்பட்டிருக்க வேண்டும். இன்றைக்கு எத்தனை பேருக்கு மாட்ஸ் பெட்டி நினைவிருக்கிறது? எல்லோருக்கும் பிரில்லோதான். ஏன்? டிசைன் நன்றாக இருந்ததால் என்பது என் கருத்து. டான்டோவும் பிற்காலத்தில் ஹார்வியின் டிசைனை ரசித்து, அலசி எழுதியிருக்கிறார். ஆனால் இதை நிரூபித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவருடைய கட்டுரை பிரில்லோவை உதாரணமாகப் பிடித்துக்கொண்டதாலும் அந்தப் பெட்டி நிலைத்திருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிட்டிருக்கும் என்பது என் ஊகம். எப்படியானாலும், வார்ஹோலின் புகழில் ஒரு பங்கு ஹார்வி போட்ட அலைக்கோட்டுக்குப் போகவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தரம் குறைவு என்பதால் பெயர் போகவில்லை என்றால், பின் ஏன் போயிற்று? பெட்டி பேசவேண்டியது கம்பெனியின் குரலில், வரைந்தவரின் குரலில் இல்லை. அதுதான் காரணம். கையெழுத்து இருந்தால் ‘இதை ஒரு ஆள் செய்தான்’ என்று தெரியும். கம்பெனி வேண்டுவது ‘இது எப்போதும் இப்படித்தான் இருந்தது’ என்ற எண்ணம். கேம்பல் சூப் டப்பாவின் சிவப்பு வெள்ளை லேபிள் 1898லிருந்து பெரிய மாற்றம் இல்லாமல் நிற்பதற்கும் அதுதான் காரணம். அப்புறம், நேர்மையாகச் சொன்னால், ஒரு பெட்டியில் பல கை படும். ஒருவர் எழுத்து, ஒருவர் படம், ஆர்ட் டைரக்டர் நாலு திருத்தம், கிளையண்டின் மேலாளர் கடைசி நிமிஷத்தில் ‘புதியது’ என்று ஒரு பட்டையை ஒட்டச் சொல்வார். யார் பெயரைப் போடுவது?

விளம்பரக் கலை எப்போதும் இப்படிப் பெயரில்லாமல் இருந்ததும் இல்லை. 1890களின் பாரிஸில் சுவரொட்டிகளில் ஓவியரின் கையெழுத்து பெரிதாக நிற்கும். ஜூல் ஷெரே, துலூஸ் லோத்ரெக், அல்ஃபோன்ஸ் மூஷா எல்லோரும் நடன அரங்குக்கும், நாடகத்துக்கும், சிகரெட் தாளுக்கும் வரைந்தவர்கள்தான். லோத்ரெக்கின் முதல் சுவரொட்டி 1891ல் மூலான் ரூஜ் என்ற நடன அரங்குக்காக வரைந்தது. பசை காய்வதற்குள் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு போகும் அளவுக்குச் சேகரிப்பாளர்கள் அலைந்தார்கள். ஷெரே நல்ல சுவரொட்டிகளைச் சின்ன அளவில் அச்சிட்டு 1895லிருந்து மாதாமாதம் சந்தாதாரர்களுக்கு அனுப்பும் தொடரே நடத்தினார். விளம்பரம் என்பதற்காக அதை யாரும் இழிவாக நினைக்கவில்லை. பிறகு வேலை ஏஜென்சிகளுக்குள் போனது, ஒரு ஓவியரின் இடத்தில் ஒரு துறை வந்து உட்கார்ந்தது, கையெழுத்தும் மெல்லக் காணாமல் போனது.

திருட்டா என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். சட்டம் இங்கே ‘நகல் எவ்வளவு ஒத்திருக்கிறது’ என்பதைவிட ‘நகல் என்ன வேலை செய்கிறது’ என்பதில் கண்ணாக இருக்கிறது. நான் சொல்வது அமெரிக்கச் சட்டம், மற்ற நாடுகளில் அளவுகோல் மாறும். 2023ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். புகைப்படக் கலைஞர் லின் கோல்ட்ஸ்மித் 1981ல் பாடகர் பிரின்ஸை எடுத்த படத்தை, 1984ல் ஒரு பத்திரிகை 400 டாலர் கொடுத்து ஒரே ஒருமுறை மாதிரியாகப் பயன்படுத்த அனுமதி வாங்கியது. வார்ஹோல் அதை வைத்துப் பத்திரிகைக்கு ஒரு படம் செய்தார். அதோடு நிற்காமல் மேலும் பல செய்து வைத்துக்கொண்டார். 2016ல் பிரின்ஸ் இறந்தபோது வார்ஹோல் அறக்கட்டளை அவற்றில் ஒன்றை, ஆரஞ்சு நிறப் படத்தை, பத்திரிகை அட்டைக்குச் சுமார் 10,000 டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு காசு இல்லை, அவர் பெயரும் இல்லை. 7க்கு 2 என்ற கணக்கில் நீதிமன்றம் கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது. பிரின்ஸைப் பற்றிய கட்டுரைக்குப் பத்திரிகையில் படம் என்ற வேலையைப் புகைப்படமும் செய்கிறது, வார்ஹோலின் படமும் செய்கிறது. ஒருவரின் சந்தையில் மற்றவர் கடை போடுகிறார். அதே தீர்ப்பு, வார்ஹோல் வரைந்த கேம்பல் சூப் டப்பா ஓவியங்களைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. லேபிளின் வேலை சூப் விற்பது. ஓவியத்தின் வேலை அது இல்லை, நுகர்வைப் பற்றிப் பேசுவது, எனவே அதன் நிலை வேறு என்கிறது. இந்த அளவுகோலை வைத்தால் பிரில்லோவும் சூப் டப்பா பக்கம்தான் விழும் என்று நினைக்கிறேன். ஆனால் எந்த நீதிமன்றமும் அதை விசாரித்தது இல்லை, ஆகவே இதை என் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வார்ஹோல் எப்போதும் தப்பித்தார் என்றும் நினைக்க வேண்டாம். 1964ல் அவர் செய்த பூக்கள் வரிசைக்கு மூலம் பத்திரிகையில் வந்த ஒரு புகைப்படம். எடுத்தவர் பட்ரீஷியா கால்ஃபீல்ட். அவர் வழக்குப் போட்டதில் வார்ஹோல் பேசி முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு இதைவிட மனம் கசப்பது காமிக்ஸ் ஓவியர்கள் விஷயத்தில். அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1963ல் வரைந்த புகழ்பெற்ற போர் விமான ஓவியத்துக்கு மூலம் இர்வ் நோவிக் வரைந்த ஒரு காமிக்ஸ் கட்டம். பக்கக் கணக்கில் கூலி வாங்கி வரைந்தவர்கள், உரிமை பதிப்பகத்துக்கு. ஓவியம் பெரிய கலைக்கூடத்தில் தொங்குகிறது. லிக்டன்ஸ்டைன் கட்டத்தை மாற்றினார், பெரிதாக்கினார், அமைப்பை இறுக்கினார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் மூல ஓவியரின் பெயரை எழுதி வைத்தால் கலைக்கு என்ன குறைந்துவிடும்?

கலையிலிருந்து விளம்பரத்துக்குப் போகிற பாதையிலும் இதே கதைதான். மில்லே என்ற பெரிய ஆங்கில ஓவியர் 1886ல் தன் பேரன் சோப்புக் குமிழி விடுவதை வரைந்தார். படம் பதிப்புரிமையோடு சேர்ந்து கைமாறி பியர்ஸ் சோப் கம்பெனிக்குப் போனது. அவர்கள் படத்துக்குள் ஒரு சோப்புக் கட்டியைச் சேர்த்து விளம்பரம் ஆக்கிவிட்டார்கள். உரிமை போய்விட்டதால் அவரால் தடுக்க முடியவில்லை. நாட்டின் புகழ்பெற்ற ஓவியர்களில் ஒருவருக்கே இந்த நிலை என்றால், நகலெடுத்தது யார் என்பதைவிடக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்பதுதான் முடிவு செய்கிறது என்று புரியும்.

தெளிவில்லாத சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், இவை பற்றி அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். வார்ஹோல் நுகர்வு கலாசாரத்தைக் கிண்டல் செய்தாரா கொண்டாடினாரா? அவர் பேட்டிகளில் வேண்டுமென்றே மழுப்புவார், இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் காட்டலாம். சூப் டப்பா யோசனை எங்கிருந்து வந்தது? இருபது வருஷமாக மதியச் சாப்பாடு அதுதான் என்று அவர் சொன்னதுண்டு. ஒரு தோழி 50 டாலர் வாங்கிக்கொண்டு யோசனை சொன்னார் என்ற கதையும் உண்டு. ஹார்வி அந்தக் கண்காட்சித் திறப்புக்குப் போயிருந்தார், தன் பெட்டிகள் அடுக்கி நிற்பதைப் பார்த்துத் திகைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. என்ன நினைத்தார் என்பதில் ஆளுக்கொரு கதை. அவரிடம் விரிவாகக் கேட்க யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை, 1965லேயே புற்றுநோயில் இறந்துவிட்டார்.

விலை பற்றி ஒரு வார்த்தை. 2010ல் ஒரு பிரில்லோ பெட்டி 30 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது உண்மை. அந்த விலை பெட்டியின் அழகுக்கோ கருத்துக்கோ கொடுத்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்வீடனின் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முன்னாள் இயக்குநர் போன்டஸ் ஹுல்டன், வார்ஹோல் இறந்து மூன்று வருஷம் கழித்து, 1990ல், நூற்றுச் சொச்சம் பெட்டிகளைத் தச்சர்களைக் கொண்டு செய்ய வைத்தார். அவை 1968ல் அந்த அருங்காட்சியகத்தில் நடந்த வார்ஹோல் கண்காட்சிக் காலத்துப் பெட்டிகள் என்ற பெயரில் சந்தைக்குள் வந்தன. 2007ல் ஒரு ஸ்வீடன் பத்திரிகை குட்டை உடைத்தது. 1968 கண்காட்சியில் குவித்து வைத்திருந்தவை பெரும்பாலும் பிரில்லோ கம்பெனியிலிருந்து வந்த நிஜ அட்டைப்பெட்டிகள் என்பதும் அப்போது பேச்சானது. அதே மரம், அதே அச்சு, அதே அலைக்கோடு. வார்ஹோலின் பட்டறையோடு தொடர்பு இல்லை என்று தெரிந்ததும் மதிப்புச் சரிந்தது. சந்தை வாங்குவது பெயரை, அந்தப் பெயரைப் பெட்டியோடு கட்டுகிற ஆவணத்தை.

ஆகவே நீங்கள் எந்தப் பக்கமும் நிற்கவேண்டியதில்லை, ஆவணத்தின் பக்கம் நில்லுங்கள். வேலைக்குச் சேரும்போது உரிமை கம்பெனிக்குத்தான் போகும். அதை மாற்றுவது பெரும்பாலும் நடக்காது, அதற்காகச் சண்டை போட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் செய்த வேலையை உங்கள் போர்ட்ஃபோலியோவில் பெயரோடு காட்டலாம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் கேளுங்கள். கேட்டால் முக்கால்வாசிப் பேர் தருவார்கள், கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை. வெளிவேலை (ஃப்ரீலான்ஸ்) என்றால் எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை முறை, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதி வாங்குங்கள். கோல்ட்ஸ்மித் வழக்கில் அவருக்குக் கைகொடுத்ததில் ‘ஒரே ஒருமுறை’ என்று இருந்த அந்தப் பழைய அனுமதிச் சீட்டுக்கும் பங்கு உண்டு. கிறுக்கல்களைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி போட்டு வையுங்கள். நியூயார்க்கை நேசிக்கிறேன் என்று சொல்லும் அந்த இதயச் சின்னத்தை மில்டன் கிளேசர் 1976ல் டாக்சியில் போகும்போது ஒரு துண்டு உறையில் சிவப்புக் கிரேயானால் கிறுக்கினார். அதற்குக் கூலியும் வாங்கவில்லை, உரிமையும் வைத்துக்கொள்ளவில்லை. கிறுக்கிய காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார், இன்று அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் பெயரோடு இருக்கிறது.